பெயரை விடுங்கள், பில்ட் எண்ணைப் பாருங்கள்

கே: எங்கள் கல்லூரி ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் விண்டோஸ் 11 இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) படிக்கும் என் ஸ்கிரிப்ட் மட்டும் எல்லாவற்றையும் 'விண்டோஸ் 10' என்கிறது. எங்கே தவறு செய்தேன்?

ப: தவறு உங்களுடையது அல்ல. 'புராடக்ட்நேம்' என்ற இடத்தில் விண்டோஸ் 11-இலும் பழைய பெயரே இருக்கிறது. பதிப்பு எண்ணும் 10.0 என்றே தொடங்கும். அதே இடத்தில் 'கரன்ட்பில்ட்' என்று ஒரு மதிப்பு இருக்கும். அதுதான் பில்ட் எண், அதாவது விண்டோஸ் வெளியீட்டின் வரிசை எண். அதைப் படியுங்கள். 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பின் பில்ட் எண் 19045.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். அந்த மதிப்பு எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால், மூலையில் கிடக்கும் விண்டோஸ் 7 கணினியின் 7601 கூட 22000-ஐவிடப் பெரிதாகிவிடும். முதல் எழுத்திலேயே 2-ஐவிட 7 பெரியதல்லவா! முதலில் எண்ணாக மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எந்தக் கணினியை மாற்றுவது என்பதை இந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்வீர்கள் என்றால், அதில் ஒரு வரி பிசகினாலும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினி ஒன்று கண்ணில் படாமல் போய்விடும்.

சர்வர்கள் கலந்திருந்தால், கணினி சர்வரா சாதாரணக் கணினியா என்று சொல்லும் 'புராடக்ட்டைப்' மதிப்பையும் பாருங்கள். சர்வர் 2025-இன் பில்ட் எண் 26100. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கும் அதே எண்தான்.

கே: பழைய விபிஸ்கிரிப்ட் ஒன்று, நிறுவிய தேதியை 20240610093015.000000+330 என்று தருகிறது. இதை எப்படிப் படிப்பது?

ப: இடமிருந்து வலமாகப் படியுங்கள்: 2024, ஜூன் 10, காலை 9 மணி 30 நிமிடம் 15 விநாடி. கடைசியில் உள்ள +330 நம் இந்திய நேரம். உலகப் பொது நேரத்தைவிட 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம் முந்தியது. விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்' கட்டளையிடம் 'வின்32_ஆபரேட்டிங்சிஸ்டம்' என்று கேட்டால் தேதி ஒழுங்காகவே வந்துவிடும். விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே அறிவித்துவிட்டது. புதிதாக எழுதுவதைப் பவர்ஷெல்லில் எழுதுங்கள். இன்னொன்று: விண்டோஸ் பெரிய பதிப்புக்கு மாறும்போது இந்தத் தேதியும் மாறிவிடும். கணினி வாங்கிய நாளாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: மாலைதோறும் கணினியை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஆனால் 12 நாட்களாக ஓடுவதாக ஸ்கிரிப்ட் சொல்கிறது. மேலாளர் என்னைத்தான் கேட்கிறார்.

ப: நீங்கள் சொல்வது உண்மை, ஸ்கிரிப்ட் சொல்வதும் உண்மை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், அணைக்கும்போது விண்டோஸின் கருப்பகுதி வட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து எழும். அதனால் கடைசியாகத் தொடங்கிய நேரத்தைச் சொல்லும் 'லாஸ்ட்பூட்அப்டைம்' மாறுவதில்லை. ஒரு முறை 'ரீஸ்டார்ட்' கொடுத்து, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, மேலாளரிடமே காட்டுங்கள்.

கே: லினக்ஸில் 'யூநேம்' கட்டளை உபுண்டுவின் பதிப்பைக் காட்டவில்லையே?

ப: அது கெர்னலின், அதாவது லினக்ஸின் கருப்பகுதியின், பதிப்பைச் சொல்லும் கட்டளை. 'இடிசி' கோப்புறையில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பைத் திறந்து, 'ப்ரெட்டி_நேம்' வரியைப் படியுங்கள். ஃபெடோரா, டெபியன் என்ற மற்ற லினக்ஸ் வகைகளிலும் இதே கோப்புதான்.