காய்ச்சலில் எடுத்த கொழுப்பு ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. சர்க்கரை உண்டு, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். டெங்கு வந்து நாகர்கோவிலில் சேர்த்திருந்தோம். ஐந்தாம் நாள் ரிப்போர்ட்: மொத்தக் கொழுப்பு 142, டிரைகிளிசரைடு 310, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 24, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 56. காய்ச்சலுக்கு முன்பு இதே வரிசையில் 196, 180, 42, 118. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். எல்.டி.எல். இவ்வளவு குறைந்த பிறகும் மாத்திரை தேவையா? கொழுப்பு குறைந்தால் டெங்கு முற்றும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இந்த ரிப்போர்ட்டை வைத்து நிறுத்தாதீர்கள். ஐந்தாம் நாள் எடுத்த எண்கள் காய்ச்சலைக் காட்டுகின்றன. அப்பாவின் வழக்கமான கொழுப்பை அல்ல.

கிருமி தாக்கியதும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். அவை கல்லீரலை டிரைகிளிசரைடு நிறைந்த வி.எல்.டி.எல். துகள்களை அதிகம் அனுப்பவைக்கும். அந்தத் துகள்களை உடைக்கும் நொதியையும் மந்தமாக்கும். அதனால் டிரைகிளிசரைடு ஏறுகிறது. எச்.டி.எல். துகளில் இருக்கும் முக்கியப் புரதத்தின் இடத்தைச் சீரம் அமைலாய்டு-ஏ பிடித்துக்கொள்வதால் எச்.டி.எல். சரிகிறது. டெங்குவில் ரத்தக் குழாய்கள் கசிந்து பிளாஸ்மா வெளியே போவதும் சேர்ந்துகொள்ளும். உங்கள் அப்பாவின் 24 இப்படி வந்ததுதான். பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்கு ஏறும்.

அந்த 56-க்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்: 142 – 24 – 62 = 56. காய்ச்சலுக்கு முன்பு கழித்தது 36, இப்போது 62. ஆக, எல்.டி.எல்.லில் தெரியும் 62 புள்ளிச் சரிவில் 26 புள்ளி, டிரைகிளிசரைடு ஏறியதால் கணக்கில் வந்தது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: முன்பு 154, இப்போது 118. குறைவு 36 மட்டுமே. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது.

அக்கம்பக்கத்தில் சொன்னதில் பாதி சரி. கடுமையான டெங்குவிலும் கோவிட்டிலும் மொத்தக் கொழுப்பும் எல்.டி.எல்.லும் அதிகம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நோய் முற்றுவதால் கொழுப்பு சரிகிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் பொருந்தும் விளக்கம். டெங்கு வைரஸ் பெருகக் கொலஸ்ட்ரால் தேவை என்பதால், வியட்நாமில் 300 பேரிடம், அப்பாவின் மாத்திரையைப் போலவே ஸ்டாட்டின் வகை மருந்தான லோவாஸ்டாட்டினைச் சோதித்தார்கள்; 2016-இல் முடிவு வந்தது. கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆகவே டெங்கு முற்றாமலிருக்க முட்டையும் நெய்யும் ஊட்டவும் வேண்டாம், கொழுப்பு மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம். கவனிக்க வேண்டியவை ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), தட்டணு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு. இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். தண்ணீர் தேங்கிக் கொசு பெருகாமலிருக்க, பால் வெட்டாத நாட்களில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இது வருடம் முழுக்க உள்ள வேலை.

மாத்திரை விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. டெங்கு கல்லீரலைத் தாக்கும். கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தாலோ, தசைவலியோடு சி.பி.கே. என்ற தசை நொதி மிக உயர்ந்திருந்தாலோ மருத்துவர் தற்காலிகமாக நிறுத்தியிருப்பார். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். நிறுத்தச் சொல்லியிருந்தால், எப்போது மீண்டும் தொடங்குவது என்று கேளுங்கள். பலர் அதைக் கேட்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பின் இருமலுக்கு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால், ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம்.

தொற்றுக்காலம் இதயத்துக்கும் நல்ல காலமல்ல. இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு என்று 2018-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. காரணமில்லாமல் ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது என்பது அதனால்தான்.

டிரைகிளிசரைடு 310 இப்போதைக்குப் பயப்படும் அளவல்ல. 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயத்தை யோசிக்க வேண்டும். காய்ச்சல் ஒரு வாரம் கடந்தும் விடாமல், ரத்த அணுக்கள் எல்லாம் சரிந்து, ஃபெரிட்டினும் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மிக உயர்ந்திருந்தால் கதை வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் நாட்களில் நீர்ச்சத்துதான் முக்கியம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்ததில் தவறில்லை. தேறிய பிறகும் தெம்புக்கென்று குளுக்கோஸ் பொடி, பழச்சாறு, அக்கானி (பதநீர்) என்று தொடர்வதுதான் சிக்கல். சர்க்கரை நோயாளிக்கு அது டிரைகிளிசரைடை இறங்க விடாது. கஞ்சியும் பயறும், தேங்காய் குறைத்த சாளைக் குழம்பும் போதும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அளவோடு.

காய்ச்சல் முழுதாக விட்டு 6 முதல் 8 வாரம் கழித்து, முடிந்தால் பழைய லேபிலேயே, 10 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். முந்தைய மூன்று நாள் மது கூடாது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யையும் சேர்த்துப் பாருங்கள். டிரைகிளிசரைடு அப்போதும் இறங்காவிட்டால் தைராய்டையும்.

அந்த ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் போகும்போது, பழைய 118-ஐயும் காட்டுங்கள். சர்க்கரை உள்ள 61 வயதுக்காரருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே, பல மருத்துவர்கள் கணக்கில் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். 10 மி.கி. சாப்பிட்டும் 118 என்றால் அளவைக் கூட்ட வேண்டுமா என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும்.