வாரக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லையா? கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களின் ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) சங்க நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ரோட்டரியில் செயலராகவும் தலைவராகவும் இருந்தவன் என்பதால் பதில்களில் ரோட்டரி வாடை அடிக்கும். அரிமா நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். கூட்டம், வருகை, சங்கக் கணக்கு பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். மற்றதற்கு எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

கீழக்கரை, ஜவுளிக்கடைக்காரர்: அண்ணே, எங்கள் சங்கத்தில் நாற்பது பேர். பிரியாணி என்று வாட்ஸ்அப்பில் போட்டால் முப்பத்தைந்து பேர் வருகிறார்கள். டீ, பிஸ்கட் என்றால் பத்துப் பேர். என்ன செய்வது?

காக்கா (கீழக்கரை வழக்கில் அண்ணன்), அந்தப் பத்துப் பேரின் பெயரை முதலில் எழுதி வையுங்கள். அடுத்த தலைவரும் செயலரும் பொருளாளரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

பிரியாணியைக் குறை சொல்லாதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். ஏழு மணி என்று போட்டுவிட்டு எட்டேகாலுக்குக் கூட்டத் தொடக்க மணி அடித்தால், ஏழு மணிக்கு வந்தவர் என்ன செய்வார்? இரண்டு வாரம் பொறுப்பார். மூன்றாவது வாரம் அவரும் எட்டேகாலுக்கு வருவார். அப்புறம் வரவே மாட்டார். பிரியாணி அன்று வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்செல்லாம் முடிந்த பிறகு நுழைகிறவர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கீழக்கரைக்கு ஏழு மணி என்பதே சரியில்லை. மஃரிப் (அந்தித் தொழுகை) டிசம்பரில் ஆறு மணிவாக்கில், ஜூனில் ஆறே முக்காலை ஒட்டி. அதிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல இஷா (இரவுத் தொழுகை). இரண்டுக்கும் நடுவில் கூட்டத்தைத் திணித்தால் பேச்சாளர் சூடுபிடிக்கும்போது பாதிப் பேர் எழுந்து போவார்கள். இஷா முடிந்து எட்டரைக்கு மணி அடியுங்கள், ஒன்பதரைக்கு முடியுங்கள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றி, நோன்புக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தராவீஹ் தொழுகைக்குப் போக வேண்டியவர்களைப் பிடித்து வைக்காதீர்கள்.

பேச்சாளருக்கு இருபது நிமிடம், செயலர் அறிவிப்புக்கு ஐந்து நிமிடம். வாட்ஸ்அப்பில் போட்டதையே மைக்கில் மறுபடி வாசிக்க வேண்டாம். பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். ஐஸ் பேக்டரிக்காரர் வீட்டுச் செய்தி பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தெரிவது அங்கேதான்.

வராதவருக்கு மறுநாள் காலை போன் போட வேண்டும். குரூப்பில் ‘ஆப்சென்ட்’ பட்டியல் போடுவது ஆளை அவமானப்படுத்துகிற வேலை. ‘நேற்று காணோமே, உடம்புக்கு என்ன?’ என்று ஒரு குரல் கேட்டால் அடுத்த வாரம் வந்துவிடுவார்.

சாப்பாட்டுச் செலவைச் சந்தாவில் கலக்காதீர்கள். மாதம் ஒருமுறை பிரியாணி, சாப்பிடுகிறவர் டோக்கன் வாங்கட்டும். மற்ற வாரங்களில் முறை வைத்து ஒரு உறுப்பினர் வீட்டுப் பணியாரமோ வடையோ போதும். டோக்கன் காசைப் பொருளாளர் தன் சொந்த ஜிபேயில் வாங்கக் கூடாது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு கியூஆர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: கூட்டத்துக்கு எந்தக் கிழமை நல்லது?

அண்ணே, விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. அந்த மாலைகளில் உங்கள் உடம்பு கூட்டத்தில் இருக்கும், காது போனில் இருக்கும். படகைக் கடற்படை பிடித்ததா, வலை அறுந்ததா என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் காலை கரை, ஏலம், கூலி பிரிப்பு எல்லாம் முடிந்துவிடும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமையைக் கல்யாண வரவேற்புகள் தின்றுவிடும், தங்கச்சிமடத்துக்காரர்களுக்குத் தேவாலயப் பூசையும் உண்டு. வியாழன் இரவு ஏர்வாடி தர்காவுக்கு ஜனம் வரும் நேரம், கடைக்காரர் கல்லாவை விட்டு எழ மாட்டார். செவ்வாய் வையுங்கள். செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருக்காகப் பதவியேற்பை மட்டும் வேறு நாளில் நடத்துங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் படகுக்காரர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கிறது, சந்தா கேட்கும் கடிதமும் சரியாக அப்போதுதான் வரும். மேலிடத்துக்குக் கட்ட வேண்டியதைச் சங்க இருப்பிலிருந்து கட்டிவிட்டு, படகுக்காரர்களிடம் ஆகஸ்டில் கேளுங்கள். சங்கக் கணக்குக்கு, பொருளாளர் ஜிபேக்கு அல்ல.

உச்சிப்புளி: உறுப்பினராக எவ்வளவு கட்டணம்?

சங்கத்துக்குச் சங்கம் மாறும். உங்கள் ஊர்ச் சங்கச் செயலரைக் கேளுங்கள்.

தங்கச்சிமடம், பள்ளி ஆசிரியை: என் கணவர் ரோட்டரி உறுப்பினர். கூட்டத்துக்குப் போனால் என்னை ‘ஆன்ஸ்’ (உறுப்பினர்களின் மனைவியர்) வரிசையில் உட்கார வைத்து, குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். நான் தனியாக உறுப்பினராக முடியுமா, சார்?

முடியும் டீச்சர். ரோட்டரியில் 1989 முதல் பெண்கள் உறுப்பினராகலாம். தானாக மனம் மாறிக் கொடுத்ததில்லை. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக நீக்கப்பட்டது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1987இல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. அதே 1987இல் அரிமாவும் கதவைத் திறந்தது. 2022-23இல் ரோட்டரியின் உலகத் தலைவரே ஜெனிபர் ஜோன்ஸ் என்ற கனடாக்காரப் பெண்மணி. கணவனும் மனைவியும் ஒரே சங்கத்தில் தனித்தனி உறுப்பினராக இருக்கலாம், தனித்தனிச் சந்தா, தனித்தனி ஓட்டு.

சேர்ந்ததும் ஒன்று செய்யுங்கள். கோலம், பன்னீர், வரவேற்பு மேசைக்கு உங்கள் பெயரை எழுதினால் மறுத்துவிட்டு, சேவைத் திட்டக் குழுவில் இடம் கேளுங்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன தேவை என்று பேச ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் கூட்டங்களைப் பார்த்துவிட்டேன். பாசி எடுக்க முங்குகிறவருக்குக் கண் எப்படி எரியும், பாறையில் விரல் எப்படிக் கிழியும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, தையல் மெஷின் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

தொண்டி, வழக்கறிஞர்: வாரக் கூட்டம் என்பதே பழைய பஞ்சாங்கம். 2016இல் ரோட்டரியின் சட்டக் குழுவே மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று சொல்லிவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் வாரா வாரம் மணி அடிக்கச் சொல்கிறீர்கள்?

குறைந்தது இரண்டு கூட்டம் வேண்டும் என்பதுதான் விதி, நான்கு கூடாது என்று தடை இல்லை. நம் கரையில் மாதம் இரண்டு என்று வைத்தால் என்ன ஆகும்? ஒன்றை ஊர்த் திருவிழா எடுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் இன்னொன்றும் போகும். ஒரு மாதம் முகம் பார்க்காதவர்கள் அடுத்த மாதம் வந்து ‘உங்கள் பெயர் என்ன?’ என்பார்கள்.

தொண்டி, வழக்கறிஞர் (மறுபடியும்): சார், உணர்ச்சி வேண்டாம். ராமநாதபுரம் கோர்ட்டிலிருந்து வந்து, வீட்டில் முகம் கழுவி, வாரா வாரம் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. இரண்டு கூட்டம், இரண்டு முகாம் வைப்போம். சேவைப் பணியையும் கூட்டக் கணக்கில் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது.

விதி இருக்கிறது. ஆனால் கண் சிகிச்சை முகாமில் யார் யாரோடு பேசுகிறார்கள்? ஒருவர் டோக்கன் கொடுக்கிறார், ஒருவர் பேருந்துக்கு ஆள் ஏற்றுகிறார், மூன்று பேர் பேனர் முன்னால் நிற்கிறார்கள். வேலை நடக்கும், பழக்கம் வராது. பழக்கம் இருந்தால்தான் அடுத்த வேலைக்கு ஆள் கிடைக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் ஐஸ் பேக்டரிக்காரர் ஒருவரும் லாரிக்காரர் ஒருவரும் பாக்கித் தகராறில் பேசாமல் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு பேரும் கூட்டத்துக்குத் தவறமாட்டார்கள். வாரா வாரம் ஒரே பந்தி, ஒரே சட்னி வாளி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது, தண்ணீர் அனுப்ப வண்டி வேண்டும் என்று கூட்டத்தில் தலைவர் கேட்டார். லாரிக்காரர் வண்டி தருகிறேன் என்றார். டீசல் என் செலவு என்றார் ஐஸ் பேக்டரிக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமலே. பாக்கித் தகராறு இன்னும் தீரவில்லை, அது வேறு விஷயம். மாதம் ஒருமுறை பார்க்கிறவர்களாக இருந்தால் வண்டியை வாடகைக்குத்தான் பிடித்திருப்போம்.

ஏர்வாடி, மருந்துக்கடைக்காரர்: வக்கீல் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் வாரக் கூட்டம் நடப்பதாகப் பதிவேட்டில் இருக்கிறது. நடப்பதில்லை.

இதுதான் நடக்கக் கூடாதது. நடக்காத கூட்டத்துக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிற சங்கத்தைவிட, மாதம் இரண்டு ஒழுங்காக நடத்துகிற சங்கம் ஆயிரம் மடங்கு மேல். குறைப்பதென்றால் துணைவிதியைத் திருத்தி, தீர்மானம் போட்டுக் குறையுங்கள். பொய் எழுதாதீர்கள்.

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: தம்பிகளா, சண்டை எதற்கு? இரண்டு செவ்வாய் முறையான கூட்டம். மற்ற இரண்டு செவ்வாய் அதே இடம், அதே நேரம், டீ மட்டும். மணி வேண்டாம், தலைவர் கழுத்தில் போடும் காலர் வேண்டாம், கோட்டு வேண்டாம். வருகிறவர் வரட்டும்.

ஐயா சொல்வதை ஏற்கிறேன், அதே இடம், அதே நேரம் என்பதை மாற்றாதவரை. வக்கீலுக்கு வாதாடினால் பீஸ் கிடைக்கும், எனக்குக் கிடையாது, இத்தோடு விடுகிறேன்.

மண்டபம்: அண்ணே, உங்கள் சண்டையில் என் கேள்வி போய்விட்டது. அரசுப் பள்ளிக்கு ஆர்ஓ மெஷின் கொடுக்க ரோட்டரி பவுண்டேஷன் பணம் வாங்கலாமா?

பவுண்டேஷனின் பெரிய மானியமான குளோபல் கிராண்ட் என்றால் திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக வேண்டும். ஒரு மெஷினுக்கு அது பொருந்தாது. ரோட்டரி மாவட்டம் தரும் சிறிய மானியமான மாவட்ட கிராண்டுக்கு எழுதுங்கள். அதற்கு முன், நம் உப்புத் தண்ணீரில் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) அடைத்தால் மாற்றப் போவது யார், காசு எங்கிருந்து என்று எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு நண்பர் நேரே அனுப்புகிறேன் என்றால் எப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடாதீர்கள், பொருளாளர் ஜிபேயில் தொடவே தொடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கூட்டம் முடிந்ததும் மாடியில் பாட்டில் திறக்கிறார்கள். பெல்லோஷிப் என்றால் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள்.

சங்கக் காசில் சோடாகூட வாங்கக் கூடாது. அவரவர் காசென்றாலும் கூட்டம் நடக்கும் கட்டடத்தில் வேண்டாம். மாடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மது தொடாத பெரியபட்டினத்துக்காரரும் வரமாட்டார், மேலே கேட்ட டீச்சரும் வரமாட்டார். இரவு பத்தரைக்குப் பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது வண்டி ஓட்டி வீட்டுக்குப் போக வேண்டியவர்களும் உங்களில் இருக்கிறார்கள்.

ராமேஸ்வரம்: உறுப்பினர் கட்டணம் எவ்வளவு சார்?

உச்சிப்புளிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சாயல்குடி, உப்பு வியாபாரி: ஹால் வாடகை கட்டுப்படியாகவில்லை.

ஹால் எதற்கு? 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு ரோட்டரியைத் தொடங்கியது ஒரு நண்பரின் அலுவலக அறையில். பிறகு ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். ஒரு வாரம் உங்கள் உப்புக் கிட்டங்கி, ஒரு வாரம் டாக்டர் கிளினிக் மூடியபின். உப்பு எப்படி விளைகிறது என்று டாக்டரும் பார்க்கட்டும்.

திருப்பாலைக்குடி: பேச்சாளர் கிடைப்பதில்லை. எப்போதும் யோகா, மன அழுத்தம்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கொச்சிக்குப் போகும் முன் அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபம்தான். கடிதம் எழுதிக் கேளுங்கள். வனத்துறையில் கேட்டால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றியும் ஆவுளியா (கடல்பசு) பற்றியும் பேச ஆள் வருவார். உங்கள் ஊரிலேயே நண்டு வலை பின்னுகிற பெரியவர் இருப்பார், அவரைக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். ரத்த வங்கி மருத்துவரை வருடம் ஒருமுறை கட்டாயம் கூப்பிடுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம் என்பதுகூடப் பல சங்கங்களில் தெரியவில்லை.

துபாயிலிருந்து, கீழக்கரைக்காரர்: வருடத்தில் எட்டு மாதம் இங்கே. வருகை போய்விடுமா?

அங்குள்ள சங்கத்திலோ இணையவழிக் கூட்டத்திலோ கலந்து, விட்ட கூட்டத்துக்கு ஈடான வருகை, அதாவது மேக்கப் வாங்கலாம். முன்பு முன்னும் பின்னும் 14 நாள் கெடு, இப்போது அதே ரோட்டரி ஆண்டுக்குள் செய்தால் போதும். சான்றைச் செயலருக்கு அனுப்புங்கள்.

வாலிநோக்கம்: தடைக்கால நிவாரணம் இன்னும் வரவில்லை.

மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம். சங்கத்தில் அல்ல.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: உறுப்பினர் கட்டணம்…

தம்பி, நீ ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டில் சேர். 18 வயது ஆனால் போதும். எவ்வளவு என்று உன் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் கேள், என்னிடம் கேட்காதே.

பெயர் வேண்டாம், புதிய செயலர்: போன ஆண்டுத் தலைவர் காலர், மணி, பதிவேடு எதையும் ஒப்படைக்கவில்லை. கேட்டால் ‘என் காலத்தில் வாங்கியது’ என்கிறார்.

யார் காலத்தில் வாங்கினாலும் சங்கச் சொத்து. செயற்குழுவைக் கூட்டி, பொருள்களின் பட்டியல் எழுதி, ஒப்படைக்கக் கெடு தேதியோடு தீர்மானம் போடுங்கள். பழைய தலைவருக்கு நெருக்கமான மூத்த உறுப்பினர் ஒருவரிடம் நகலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். காலர் தாமதமானால் பரவாயில்லை, காசோலைப் புத்தகம் தாமதமாகக் கூடாது. வங்கியில் கையெழுத்து மாற்றத்தை ஜூலை முதல் வாரத்திலேயே முடியுங்கள். தீர்மான நகலில் சங்க முத்திரையும் புதிய நிர்வாகிகளின் படமும் ஆதாரும் இருக்கட்டும், இல்லையென்றால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.