60 லிட்டர் தொட்டியில் நான்கு பவளத் துண்டுகள்: எதை எங்கே வைப்பது?

கேள்வி: எட்டு மாதமாக 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்துவருகிறேன். சோயாந்திட், கிரீன் ஸ்டார் பாலிப், ஹேமர், அக்ரோபோரா என நான்கு பவளத் துண்டுகளை ஒரே நேரத்தில் வாங்கி, விளக்குக்கு நேர் கீழே நடுப்பாறையின் மேல் வைத்தேன். ஹேமர் சரியாக விரியவில்லை, அக்ரோபோரா வெளுக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றியும் பயனில்லை. எந்த இடம்தான் சரி?

பதில்: முதலில் இடம் மாற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் பவளங்களுக்கு இப்போது பெரிய தொல்லை அதுதான். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன; அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்கு முக்கிய ஆதாரம். ஒளியின் அளவு மாறினால் பாசிகளின் எண்ணிக்கையும் நிறமிகளும் அதற்கேற்ப மாற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் இரண்டே நாளில் மீண்டும் இடத்தை மாற்றினால், பவளம் எந்த ஒளிக்கும் பழகாது; மிச்சமிருக்கும் சக்தியையும் இழந்துவிடும்.

கடைசியாக ஒருமுறை மட்டும் மாற்றி, ஹேமரைக் கீழே, மணலை ஒட்டிய பாறை விளிம்பில் வையுங்கள். ஒளியை அளக்கும் பார் மீட்டர் கிடைத்தால் 80 முதல் 150 வரை காட்டும் இடம் அதற்குப் போதும். மீட்டர் இல்லாவிட்டால் விளக்குக்கு நேர் கீழே உள்ள பகுதியைத் தவிர்த்துச் சற்று ஓரமாக வையுங்கள். சிறிய தொட்டிகளில் மேலுக்கும் கீழுக்கும் உள்ளதைப் போலவே, நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒளியில் நல்ல வித்தியாசம் இருக்கும். ஆனால் ஹேமர் விரியாததற்கு ஒளியைவிட நீரோட்டமே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. அருகில் போய்ப் பாருங்கள். உணர்விழைகள் முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்தால் நல்லது. ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கிடந்தால் பம்பின் வீச்சு நேராகப் படுகிறது என்று பொருள். அடியிலுள்ள எலும்புக்கூட்டின் தகடுகள் கூர்மையானவை. நீரின் வேகத்தில் மென்மையான சதை அவற்றின்மேல் உரசிக் கிழியும். கிழிந்த இடத்தில் நோய் தொற்றும். பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால், நீர் மோதித் திரும்பும்போது வேகம் தணிந்துவிடும்.

அக்கம்பக்கமும் முக்கியம். இரவில் ஹேமர் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி, எட்டும் தூரத்தில் உள்ள பவளங்களைச் சுடும். பகலில் விரிந்து நிற்கும் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுற்றிலும் 15 சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். உங்கள் தொட்டியில் அந்த இடைவெளியே பெரிய பரப்புதான். விட்டுத்தான் ஆக வேண்டும்.

கிரீன் ஸ்டார் பாலிப்பை முதன்மைப் பாறையில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஊதா நிற விரிப்பாகப் பரவி மற்றவற்றை மூடிவிடும். பிறகு பாறையைக் கெடுக்காமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். மணலின் நடுவே தனிக்கல் ஒன்றில் வைத்தால் அதுவே அழகான தீவாகிவிடும்.

சோயாந்திட் எங்கும் பிழைக்கும்; நடுமட்டம் போதும். ஆனால் அதைக் கையாளும்போது கவனம் மிக அவசியம். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அதை வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். அது ஒட்டியிருந்த கல்லைக் கொதிக்கவைப்பதோ வெந்நீர் ஊற்றிக் கழுவுவதோ அறவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு.

அக்ரோபோராவின் வெளுப்பு எங்கே தொடங்குகிறது என்று கூர்ந்து பாருங்கள். கிளை நுனி மட்டும் வெள்ளை என்றால் அது வளர்ச்சி, மகிழுங்கள். கிளை முழுவதும் சாயம் போன துணிபோல வெளிறி, பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிருடல்கள்) மட்டும் இன்னும் தெரிந்தால், திடீரென்று கூடிய ஒளி காரணமாகலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும். விளக்கின் ஒளியளவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்துங்கள். நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை லிட்டருக்கு இருக்கட்டும். அடியிலிருந்து சதை உரிந்து வெறும் எலும்பு தெரிந்தால் திசு இறந்துகொண்டிருக்கிறது. நலமான மேல்நுனியை வெட்டித் தனியாக ஒட்டுவதுதான் வழி. வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்தத் தொட்டிக்கு அக்ரோபோரா இப்போது வேண்டாம். அனுபவமுள்ள நண்பர் யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.

காரணம், நீரின் நிலைத்தன்மை. பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் 50 லிட்டர் நீர்தான் இருக்கும். நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு மட்டும் தங்கிவிடும். ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு மூன்றே நாளில் 37ஐத் தாண்டும். அதற்குப் பின் மொத்தமாக நீர் ஊற்றினால் சட்டென்று இறங்கும். இந்த ஏற்றஇறக்கத்தை ஹேமர் தாங்கினாலும் அக்ரோபோரா தாங்காது. உப்பில்லாத, சுத்திகரித்த நீரைத் தினமும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தானாக நிரப்பும் கருவி வாங்க முடிந்தால் புதிய பவளத்துக்கு முன் அதை வாங்குங்கள். வெப்பம் 24 முதல் 26 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). இதில் எண்ணைவிட அது மாறாமல் நிற்பதே பெரிது. வாரம் பத்து சதவீத நீர்மாற்றம் இந்த அளவுத் தொட்டிக்குப் பெரும்பாலும் போதும்.

ஒட்டுவதற்கு அவசரம் வேண்டாம். இரண்டு வாரம் அதே இடத்தில் சும்மா வைத்து, நன்றாக விரிகிறதா என்று பாருங்கள். பிறகு துண்டின் அடிப்பகுதியைத் துடைத்து, ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ) தடவி, அதன்மேல் எபாக்சி மாவை உருட்டி வைத்து, மறுபடி பசை தடவி, பாறையில் சற்றுத் திருகி அழுத்துங்கள். நீர் பட்டதும் பசையின் மேல் மெல்லிய தோல் படியும். திருகினால்தான் அது உடைந்து பிடிக்கும்.

ஹேமருக்கு வாரம் ஒருமுறை ஓரிரண்டு சிறிய மைசிஸ் இறால் கொடுக்கலாம். அதற்குமேல் போட்டால் நீர்தான் கெடும். ஹேமரின் மேல் பழுப்பு நிறக் கூழ் போல ஏதாவது படிந்து நாறினால் மட்டும் பொறுமை காட்ட வேண்டாம்: பம்பை நிறுத்தி, கூழ் கலைந்து பரவாமல் குழாயால் உறிஞ்சி, துண்டை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.