ஈறு நோய்க்கு லேசர்: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 46. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, வாய் நாற்றமும் இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு கிளினிக்கில், “லேசர் வைத்தால் கத்தி இல்லை, வலி இல்லை, ஒரே நாளில் முடியும், ஈறு பழையபடி வளர்ந்துவிடும்” என்றார்கள். தவணையில் கட்டலாமாம், இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகையாம். செய்துகொள்ளலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். ஈறு நோய் வருஷக்கணக்கில் வளர்வது; இரண்டு வாரம் பொறுத்து முடிவெடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஆழம் இருந்தால் கவலையில்லை. நோய் வந்தால் அது 5, 6, 7 என்று ஆழமாகிப் பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பைக்குள், பல்லின் வேரில், காரை (பல்லில் படிந்து கல்லாக இறுகிய அழுக்கு) கருப்பாகப் பிடித்திருக்கும். கிருமிகள் குடியிருப்பது அதன்மேல்தான். அது அங்கே இருக்கும்வரை எந்த ஒளியைப் பாய்ச்சினாலும் ஈறு ஆறாது.

பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது டயோடு லேசர். அது சதையில் வேலை செய்யும், காரையைப் பெயர்க்காது. எர்பியம் என்ற வகை காரையை எடுக்கும். ஆனால் கருவியாலும் கையாலும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதைவிட அது மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஐரோப்பிய ஈறு நோய் நிபுணர் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேரைச் சுத்தம் செய்வதோடு கூடுதலாக லேசர் வைக்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. “அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதி பெற்றது” என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். ஒரு வகை லேசர் முறைக்கு 2016-ல் அப்படி அனுமதி கிடைத்தது உண்மைதான். அதற்காக, சாதாரண சிகிச்சையைவிட அது சிறந்தது என்று ஆகிவிடாது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் சிகிச்சைக்கு ஒருவர் வந்தார். வேறு இடத்தில் வாய் முழுக்க லேசர் வைத்துக்கொண்டவர். மேலே பார்த்தால் ஈறு வெளுப்பாக, அழகாக இருந்தது. அளவுக் கம்பியைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இறக்கினேன். 7 மில்லிமீட்டர் உள்ளே போனது, ரத்தமும் சேர்ந்து வந்தது. கம்பியின் நுனி வேரில் உரசியபோது உப்புத்தாளில் இழுத்ததுபோல் கரகரவென்றது. காரை அப்படியே இருந்தது. அவரிடம் “முன்னாடி என்ன அளவு இருந்தது?” என்று கேட்டேன். யாரும் அளக்கவே இல்லை.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்த அளவைத்தான். கருப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியால், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அளந்து, எண்களை எழுதி, எக்ஸ்-ரேயும் எடுத்துக் காட்ட வேண்டும். அளக்காமல் பேக்கேஜ் சொல்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று: உங்களிடம் சலுகை பேசியவர் டாக்டர்தானா? பல இடங்களில் கவுன்ட்டரில் உட்கார்ந்து தவணைக் கடனுக்குக் கையெழுத்து வாங்குகிறவருக்கு ஈறைப் பற்றி எதுவும் தெரியாது. கடன் போட்டபின் சிகிச்சை பிடிக்காவிட்டாலும் தவணை நிற்காது.

ஒரே ஒரு இடத்தில் லேசரை நான் தாராளமாகச் சொல்வேன். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து, பல்லையே மூடும் அளவுக்கு வளர்ந்துவிடும். அந்த அதிகப்படிச் சதையை வெட்டி எடுக்க லேசர் நல்ல கருவி; வெட்டும்போதே ரத்தக் கசிவு நின்றுவிடும், வேலை செய்யும் இடமும் தெளிவாகத் தெரியும். அப்போதும் காரையைத் தனியாக எடுத்தாக வேண்டும். மருந்தை மாற்ற முடியுமா என்று அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்ற முடியாவிட்டால் சதை திரும்பவும் வளரலாம் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால் இது உங்களுக்குப் பொருந்தாது.

“ஈறு பழையபடி வளரும்” என்ற வாக்கை நம்ப வேண்டாம். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது. சரியான சிகிச்சைக்குப் பின் வீக்கம் வற்றி ஈறு சற்றுக் கீழே இறங்கும், பல் நீளமாகத் தெரியும், கொஞ்ச நாள் கூசும். காரையே பிடிமானமாக இருந்த பல், அதை எடுத்ததும் கூடுதலாக ஆடுவதுபோல் தோன்றும். “காரை எடுத்தால் பல் ஆடும்” என்று ஊரெல்லாம் சொல்வது இதனால்தான். பல்லை ஆட வைத்தது எலும்பைத் தின்ற நோய்.

உங்கள் விஷயத்தில் லேசரைவிட முக்கியம் சர்க்கரை. அது கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது. ஈறு ஆறினால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும். ஆனால் சர்க்கரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதில்லை, பல் டாக்டர் மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் கேட்பதில்லை. இத்தனை வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மூன்று தடவை உட்கார வைத்து, வேர் வேராகச் சுத்தம் செய்யும் டாக்டரின் நேரத்துக்கு மதிப்பில்லை. மெஷின் பெயருக்குத்தான் பணம் கொட்டுகிறது. இந்த முறை மாறாதவரை உங்களுக்கு லேசர்தான் முதலில் விற்கப்படும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஈறு நோய் நிபுணரிடம் போய் அளந்து, வேர் வரை சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல் இடுக்குகளுக்கு ஏற்ற சின்ன பிரஷ் கேட்டு வாங்கி தினமும் பயன்படுத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே இடங்களைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். 4-க்குள் வந்து ரத்தமும் நின்றிருந்தால் வேறு எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். 6-லேயே நின்று ரத்தம் வந்தால், ஈறைத் திறந்து கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யும் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அப்போது அவர் லேசரும் சேர்க்கலாம் என்றால், எந்த வகை, எந்தப் பல்லுக்கு, எத்தனை மில்லிமீட்டர் குறையும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.