மிலேத்துவில் விட்டுவந்த நோயாளி

ஐயா, ஸ்தோத்திரம்.

திருமங்கலம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஆயருக்கு இன்னும் நான்கு ஆலயங்கள் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குக் கிடைப்பார். ஒரு வருடமாக வெளியூர் ஊழியர் ஒருவர் வியாழன்தோறும் சபையார் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். உருக்கமாக ஜெபிப்பார். இப்போது, மாத்திரை சாப்பிடுவதே அவிசுவாசம் என்கிறார். சர்க்கரை நோயுள்ள ஒரு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார், காலில் புண். வளையலை விற்று, கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று கேட்கப்படும் ‘விதைக் காணிக்கை’யும் கொடுத்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் திருவிருந்து (ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிர்வது) இல்லை என்று தீர்மானம் போடலாம் என்கிறார்கள் கமிட்டியில் சிலர். போடலாமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

தீர்மானத்தைப் பிறகு பார்ப்போம். அந்த அக்காவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வரும் புண் வலி தெரியாமலே உள்ளே போகும். விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டிவரும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் துணைக்குப் போகட்டும். யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

மருந்து அவிசுவாசம் என்ற போதனைக்கு வேதத்தில் இடமே இல்லை. அப்போஸ்தலன் பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினார் பவுல். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்து என்ற பட்டணத்தில் விட்டுவந்ததாகவும் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நம் ஊர்ச் சபைகளின் வரலாறும் அந்தப் போதனைக்கு நேர் எதிரானது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஆலயம் கட்டியதோடு நிற்கவில்லை, மருத்துவமும் பார்த்தது. கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

எபேசு சபையின் மூப்பர்களைப் பவுல் வரவழைத்து விடைபெற்றதும் இதே மிலேத்துவில்தான். அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். உங்கள் கமிட்டி கூடும்போது அதை முழுதாக வாசியுங்கள். மந்தையைத் தப்பவிடாத ஓநாய்கள் வரும் என்ற எச்சரிப்பு நமக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம்: மந்தையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்பதற்கு முன்னால் ‘உங்களைக் குறித்தும்’ என்கிறார். மூன்று வருஷம் இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவருக்கும் புத்தி சொன்னேன் என்கிறார். ஒருவருடைய வெள்ளியையோ பொன்னையோ வஸ்திரத்தையோ ஆசைப்படவில்லை என்றும் சொல்கிறார். ஆதி சபையின் ஒழுங்கு நூலான திதாக்கேயும் பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறது. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. வளையல் விற்ற காசு யார் கைக்குப் போனது என்று கேட்க உங்கள் கமிட்டிக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

திருவிருந்தை மறுக்கும் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். காயப்பட்டவரைப் பந்தியிலிருந்து எழுப்பினால் அவர் நேராக அந்த வீட்டுக் கூட்டத்துக்குத்தான் போவார். தவறு போதித்தவரைக் கூப்பிடுங்கள். ஆயரும் மூப்பர்களும் இருக்க, வேதத்தைத் திறந்துவைத்துப் பேசட்டும். திருத்திக்கொண்டால் சந்தோஷம். வர மறுத்தாலோ, சொன்னதையே சாதித்தாலோ, அந்தப் போதனை தவறு என்று ஆயர் ஞாயிறு ஆராதனையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சபைச் சமாதானத்துக்காக மௌனமாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த அக்காவின் வீட்டுக்கு ஒரு வருடமாக வாரம் தவறாமல் போனவர் அந்த ஊழியர் ஒருவர்தான். நம் கிராமங்களில் முன்பு ஆயருக்குத் துணையான உபதேசியார் ஊரோடு இருந்தார், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். இப்போது அந்த இடம் காலி. விசுவாசப் பிரமாணத்தை ஆராதனையில் சொல்கிறோம், அதன் விளக்கமோ, இளவயதில் சபையின் முழு உறுப்பினராவதற்கு நடக்கும் திடப்படுத்தல் வகுப்போடு பலருக்கு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு குறையையும் தீர்மானத்தால் சரிசெய்ய முடியாது.

அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்து, குணமாக்குதலைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று சில வாரம் பாடம் நடத்தச் சொல்ல ஆயரிடம் கேட்டுப்பாருங்கள். வியாழன் மாலைகளில் ஆலயத்தைத் திறந்துவையுங்கள். ஆயர் வர முடியாத வாரங்களில் கமிட்டியில் ஒருவர் ஓர் அதிகாரம் வாசித்து, நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஜெபித்துவிட்டு, மறுநாள் அவர்கள் வீடுகளுக்குப் போய்வரட்டும்.