பதிவேட்டை மூடிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் சுவிசேஷப் பணிக்கான பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எல்லா மக்களையும் சீஷராக்குங்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 28-ஐ வைத்துப் பிரசங்கம் நடக்கும்போதெல்லாம் விசுவாசிகள் ‘ஆமென்’ சொல்கிறார்கள். வெளியே போனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், “எனக்கு வேதம் அவ்வளவு தெரியாது”, “கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன்” என்கிறார்கள். யார் யாரிடம் பேசினார்கள் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு போட்டேன். இப்போது என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?

ஒரு சபை மூப்பர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பதிவேட்டை மூடிவிடுங்கள். கணக்குக் கேட்பார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் கணக்குக்காகத்தான் பேசுவார்கள். கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அவர்களுடைய பயம் மேடைப் பேச்சால் வந்தது. சாட்சி சொல்ல வேண்டுமென்றால் திரித்துவத்திலிருந்து துன்பத்தின் காரணம் வரை எல்லாவற்றையும் விளக்கத் தெரிய வேண்டும் என்று நம்பிவிட்டார்கள். மாற்கு 5-ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்த மனிதன் இயேசுவால் தெளிந்ததும், உம்மோடு வருகிறேன் என்று அவரிடம் கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவன் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்! அந்தப் பகுதி மக்களோ இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகச் சொன்னவர்கள். இரண்டு அதிகாரம் தள்ளி அவர் மறுபடி தெக்கப்போலி என்ற அந்தப் பகுதிக்கு வரும்போது, செவிடன் ஒருவனைக் கொண்டுவந்து இவன்மேல் கை வையும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை. ஆனால் அங்கே பேசிக்கொண்டிருந்ததாக அவர் காட்டுவது கல்லறைகளிலிருந்து வந்த அந்த ஒருவனை மட்டுமே.

கேள்வியில் மாட்டிக்கொண்டால்? யோவான் 9-இல் பார்வை பெற்றவன், யூத மதத் தலைவர்களான பரிசேயர் குறுக்குக் கேள்வி கேட்டபோது தெரியாததைத் தெரியாது என்றான். இப்போது காண்கிறேன் என்பதை மட்டும் விடாமல் சொன்னான். உங்கள் ஆட்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பழக்கம் சபைக்குள்ளேயே தொடங்கட்டும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் தன் விசுவாசக் கதையை ஐந்து நிமிடம் சொல்லட்டும். ஒரே நிபந்தனை: நம் கூட்டங்களுக்கு வெளியே யாருக்கும் புரியாத வார்த்தைகள் கூடாது. சாட்சி நேரத்தில் சரளமாகப் பேசுகிறவர்களே இதில் அதிகம் திணறுவார்கள். பரவாயில்லை, இரண்டாம் முறை சரியாகிவிடும்.

1 பேதுரு 3:15-ஐ முழுவதுமாக வாசிக்கவும் வேண்டும். “விசாரித்துக் கேட்கிற” யாவருக்கும், “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” பதில் சொல்லத்தான் பேதுரு சொல்கிறார். கேட்காதவரைத் துரத்தச் சொல்லவில்லை. மாற்கு 10-இல் ஐசுவரியவான் ஒருவன் இயேசுவின் அழைப்பை ஏற்க முடியாமல் துக்கத்தோடு போனபோது அவர் அவன் பின்னால் ஓடவில்லை. அவனிடம் அன்புகூர்ந்தார் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நோயாளியின் பலவீனத்தையோ கடன்பட்டவரின் நெருக்கடியையோ வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்கிற உதவிக்கு விசுவாசத்தை விலையாகக் கேட்கவே கூடாது. வேண்டாம் என்று சொன்ன நண்பர் நாளைக்கும் நண்பராகவே இருக்க வேண்டும். இதை நீங்கள் சொன்னாலே பலருடைய தயக்கம் பாதி குறையும், ஏனென்றால் நட்பை இழந்துவிடுவோமோ என்றுதான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் விசுவாசிகளுக்குச் சபைக்கு வெளியே நண்பர்கள் இருக்கிறார்களா? பாடகர் குழு, உபவாச ஜெபம், வேதபாடம், கமிட்டி என்று மாலைகளையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டால் அவர்கள் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? வாரநாள் கூட்டங்களில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று போதகரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் மறுப்பார். விடாதீர்கள்.