வட துருவத்தில் கடலுக்கடியில் ரஷ்யா கொடி நட்டதே, அந்த இடம் அவர்களுக்குச் சொந்தமா?

இல்லை. 2007 ஆகஸ்ட் 2 அன்று ரஷ்யத் துருவ ஆய்வாளர் ஆர்த்தூர் சிலிங்காரோவ் குழுவினர் மிர் நீர்மூழ்கிக் கலங்களில் 4,200 மீட்டருக்கும் கீழே இறங்கி டைட்டானியக் கொடி ஒன்றை நட்டார்கள். செய்தியைப் பார்த்தபோது, இடத்தை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைப் படித்தபோதுதான் கொடிக்கு அதில் மதிப்பே இல்லை என்று புரிந்தது.

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடலடி வளம் அந்தந்த நாட்டுக்கே. அதற்கு அப்பாலும் வேண்டுமென்றால், தன் நிலம் தண்ணீருக்கடியில் அறுபடாமல் நீள்கிறது என்று காட்ட வேண்டும். கண்டச் சரிவின் (கரையை ஒட்டிய கடலடி ஆழ்கடலை நோக்கிச் சரியும் பகுதியின்) அடிவாரம் எங்கே, அதைத் தாண்டி வண்டல் எவ்வளவு தடிமன் என்று பனிக்கட்டிக்கு நடுவே ஒலியலை அனுப்பி அளக்கிறார்கள். வருடக்கணக்கில் நடக்கும் வேலை.

ஆர்க்டிக்கில் பெரிய சிக்கல் லொமொனோசோவ் மலைத்தொடர். சைபீரியப் பக்கத்திலிருந்து துருவத்தை ஒட்டி, கிரீன்லாந்து, கனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பக்கம் வரை சுமார் 1,800 கிலோமீட்டர் கடலடியிலேயே ஓடுகிறது. அது வெறும் கடலடி முகடு என்றால் 350 கடல் மைலோடு உரிமை நின்றுவிடும். கண்டத்தின் இயல்பான பகுதி என்று நிரூபித்தால் அந்த உச்சவரம்பு பொருந்தாது. கடல் 2,500 மீட்டர் ஆழத்தைத் தொடும் கோட்டிலிருந்து இன்னும் 100 கடல் மைல் வரை போகலாம். ரஷ்யா, கனடா, கிரீன்லாந்தின் சார்பில் டென்மார்க் என மூன்று நாடுகளும் இத்தனை பாடுபடுவது இதற்காகத்தான்.

ரஷ்யா 2001-லேயே மனு போட்டது. தரவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, 2015-ல் திருத்திக் கொடுத்தது. கிரீன்லாந்துக்காக டென்மார்க் 2014-லும், கனடா 2019-லும் கொடுத்தன. மூன்று வரைபடத்திலும் வட துருவம் உள்ளே இருக்கிறது!

மனுக்களைப் பார்ப்பது 21 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. ஆணையம். உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 2023 பிப்ரவரியில், ரஷ்யாவின் தரவில் பெரும்பகுதியை அது ஏற்றது. பகைக்கு நடுவிலும் பாறையை மட்டும் பார்த்துச் சொன்னார்களே என்று எனக்கு மரியாதை வந்தது. ஆனால் பலர் எழுதியதுபோல அது பட்டா கொடுத்ததாகாது. அறிவியல் சரியா என்பதோடு ஆணையத்தின் வேலை முடிகிறது. ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகளை அந்த நாடுகளே பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சரி, பிரித்துக்கொண்டாலும் கிடைப்பது எண்ணெய், எரிவாயு, கனிமம், தரையோடு ஒட்டி வாழும் உயிரினங்கள் மீதான உரிமைதான். 200 கடல் மைலுக்கு அப்பால் மேலே இருக்கும் தண்ணீர் அப்போதும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான கடல்.